முதல் டிராப்-இன், முதல் ஆலி: மறக்க முடியாத சந்திப்புகள்

கிழக்குக்கரை

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் ஸ்கேட் பார்க்கில், தாழ்ந்த ராம்ப் (சரிவுமேடை) ஒன்றின் விளிம்பில் ஸ்கேட்போர்டின் டெயிலை (பின்முனையை) ஊன்றி, முன்காலைச் சக்கரங்களைப் பலகையோடு பிணைக்கும் போல்ட்டுகளின் மேல் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். டிராப்-இன் செய்ய வேண்டும், அதாவது விளிம்பிலிருந்து பலகையோடு சரிவுக்குள் இறங்க வேண்டும்; உடல் அசையவில்லை. கீழே நின்ற அறிமுகமில்லாத தமிழ்ப் பையன் ஒருவன் இரு கைகளையும் நீட்டி, "பிடிச்சுக்குங்க அண்ணா" என்றான். அவன் விரல்களைப் பற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன். முன்சக்கரங்கள் சரிவைத் தொட்ட அதே நொடியில் அவன் கைகளை விலக்கிக்கொண்டான். நான் விழவில்லை, சரிவின் வளைவைக் கடந்து சமதளத்தில் உருண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவன் வேறொரு ராம்ப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். விடப்போவதாக முன்பே சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேனா என்று இன்றும் யோசிக்கிறேன். உங்களுக்கு யாராவது இப்படிச் செய்ததுண்டா?

மாடிவீட்டு மல்லிகை

கிழக்குக்கரை அவர்களே, அந்தப் பையன் செய்தது தவறு என்றே நான் கருதுகிறேன். டிராப்-இன்னில் எடை சற்றே பின்காலில் தங்கினாலும் பலகை முன்னே பறந்துவிடும், நாம் பின்மண்டை அடிபட மல்லாந்து விழுவோம். கை கொடுப்பவர் விடும் முன் ஒரு சொல் சொல்லியே ஆக வேண்டும்.

என் அனுபவம் ஆலி பற்றியது, அதாவது டெயிலைத் தரையில் தட்டிப் பலகையோடு துள்ளி எழும் வித்தை. பெங்களூருவில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தில் நின்ற இடத்திலேயே பயின்றுகொண்டிருந்தேன். டெயில் தரையில் பட்டதும் 'டக்' என்று தெளிவாக ஒலிக்க வேண்டிய இடத்தில், சிராய்க்கும் ஓசைதான் வந்தது. தூணருகே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "அக்கா, உங்க பின்னங்கால் மேலேயே வர மாட்டேங்குது" என்றாள். டெயிலைத் தட்டிய அதே கணத்தில் பின்காலும் துள்ளி எழவேண்டும் என்பது எத்தனையோ காணொளிகளில் சொல்லப்படுவதுதான். ஆனால் பலகையில் ஒருமுறைகூட ஏறியிராத குழந்தையின் கண்ணுக்கு அது பட்டிருக்கிறது. அடுத்த முயற்சியில் நான்கு சக்கரங்களும் தரையை விட்டு எழுந்தன. "நானும் ஒரு தடவை நிக்கட்டுமா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், லிஃப்ட் வாசலிலிருந்து பாட்டி கூப்பிட்டுவிட்டார். அதன்பின் அவளை நான் பார்க்கவேயில்லை. விருந்தினராக வந்த குழந்தையாக இருக்கலாம்.

கூர்மதி

நின்ற இடத்திலேயே ஆலி பயில்வதை நான் ஏற்கவில்லை. 1970களின் இறுதியில் ஃபுளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் இந்த வித்தையைக் கண்டுபிடித்தது, குழிந்த தளங்களில் வேகமாக ஏறி இறங்கும்போதுதான். ராட்னி மல்லன் அதைச் சமதளத்துக்குக் கொண்டுவந்தது 1980களின் தொடக்கத்தில். நின்றபடியே பழகியவர்கள், பலகை உருளத் தொடங்கியதும் தோள்களைத் திருப்பிக் கோணலாக இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நடைவேகத்தில் உருண்டபடியே பழகுங்கள். தோள்கள் பலகைக்கு இணையாக இருக்கட்டும். குதிக்கும் முன் முட்டியை மடியுங்கள், டெயிலைத் தட்டியபின் முன்காலின் பக்கவாட்டால் கிரிப் டேப்பை (பலகையின் மேல் ஒட்டிய சொரசொரப்பான தாளை) நோஸ் (முன்முனை) வரை தேய்த்து இழுங்கள், இறங்கும்போது இரு பாதங்களும் போல்ட்டுகளின் மேல் வரட்டும். ஆலி கைவரும் முன் கிக்ஃப்ளிப்பை (பலகையைக் காற்றில் புரட்டும் வித்தையை) முயலாதீர்கள். நம்மூர்ச் சாலைகளுக்கு 99ஏ கடினமுள்ள (எண் கூடக் கூடக் கடினம் கூடும்) சிறு சக்கரங்கள் ஒத்துவராது; 78ஏ அளவிலான மென்சக்கரங்களைப் பொருத்துங்கள்.

என் சந்திப்பு சிறியது. பெசன்ட் நகரில் ஒரு விடியற்காலையில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி, என் பாதையில் கிடந்த சரளைக்கற்களைச் செருப்புக் காலால் ஒவ்வொன்றாக ஓரம் தள்ளிவிட்டு, ஒன்றும் பேசாமல் கிளம்பினார். ஒரு சிறு கல் சக்கரத்தைப் பிடித்தால் என்னவாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஸ்கார்பரோ அம்மா

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டிங் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 2021 ஜூலையில் நடந்த பெண்கள் ஸ்ட்ரீட் (தெருவில் இருப்பது போன்ற படிகளும் கைப்பிடிகளும் கொண்ட) போட்டியில் ஜப்பானின் மோமிஜி நிஷியா தங்கமும் பிரேசிலின் ரைசா லீல் வெள்ளியும் வென்றார்கள். இருவருக்கும் அப்போது 13 வயது. அதைப் பார்த்த என் மகள் பலகை வேண்டும் என்று விடாமல் கேட்டாள்.

டொரன்டோவில் எங்கள் வீட்டருகே உள்ள ஸ்கேட் பார்க்குக்கு ஒரு மாலை அழைத்துப்போனேன். விளிம்பைச் சுற்றிப் பெரிய பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையும் பார்க்காமல், தலையைக் குனிந்தபடி அவள் ஒரு தாழ்ந்த மேட்டின் மேலிருந்து ஆலி செய்து தடுமாறி இறங்கினாள். பலகையிலிருந்து கால் நழுவவில்லை. உடனே அத்தனை பையன்களும் தத்தம் பலகையின் டெயிலைச் சிமெண்டில் ஓங்கி ஓங்கித் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவள் முகம் வெளிறிவிட்டது. தன்னை விரட்டுகிறார்கள் என்று எண்ணி, பலகையைத் தூக்கிக்கொண்டு நேரே காருக்கு நடந்தாள். நானும் அப்படியே நினைத்து, அவர்களை முறைத்துவிட்டுப் பின்னால் போனேன். பலகையைத் தரையில் தட்டுவது அங்கே கைதட்டுவதற்கு ஒப்பான பாராட்டு என்று பிறகு ஒருவர் சொன்னார். அதை மகளிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை. பலகை இன்னும் வாசல் அலமாரியில்தான் இருக்கிறது.

கூர்மதி அவர்களுக்கு ஒன்று: இவ்வளவு அறிவுரை சொன்ன நீங்கள் மணிக்கட்டுக் காப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். புதியவர்கள் விழும்போது கையை ஊன்றித்தான் விழுகிறார்கள். கைப் பெருவிரலின் அடியில் அழுத்தினால் வலித்தால் அலட்சியம் செய்யாதீர்கள். அங்குள்ள சிறிய படகு வடிவ எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், பத்துப் பதினைந்து நாள் கழித்து மீண்டும் எடுக்க நேரலாம்.

கிழக்குக்கரை

மல்லிகை அவர்களே, அவன் கைகளை விட்டது என் எடை முன்காலுக்கு முழுதாக மாறிய பிறகுதான். அதைப் பார்த்துத்தான் விட்டான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஸ்கார்பரோ அம்மா, ஒலிம்பிக் காணொளிகளிலேயே போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் பலகையைத் தட்டிப் பாராட்டுவதைக் காணலாம். ஒலியைக் கூட்டி வைத்து மகளுக்கு அதைக் காட்டிப் பாருங்கள். கூர்மதி சொல்லும் மென்சக்கரம் சாலையில் போய்வரத்தான் நன்று. டெயில் தட்டும் வித்தைகளுக்கு அதில் துள்ளல் சரியாகக் கிடைப்பதில்லை. முடிந்தவர்கள் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள்.