தோட்டப்பாளையத்தில் இருக்கும் எங்கள் மெஸ் கூகுள் தேடலில் தெரிய என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தோட்டப்பாளையம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலிருந்து நடந்து வரும் தூரத்தில், ஒரு சந்துக்குள் என் அம்மா பதினோரு ஆண்டுகளாகச் சிறிய மெஸ் நடத்திவருகிறார். காரம் குறைத்த ரசம், குழைய வடித்த சோறு, அரிசிக் கஞ்சி, இட்லி என்று நோயாளிகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் சாப்பாடுதான் எங்களிடம் முதன்மை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். ஊரில் யாரையும் தெரியாத அவர்கள் கைபேசியைத்தான் கேட்கிறார்கள். அதுவோ எங்களைக் காட்டுவதில்லை.

சித்திரை வெயிலில் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு தம்பதி, லாட்ஜில் சொன்ன பெயரைப் போட்டுத் தேடியபோது, வரைபடம் அவர்களை ஆற்காடு சாலையில் ஒரு மருந்துக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து சில நாள்களே ஆன கணவரை அங்கேயே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்த அம்மா அரை மணி நேரம் விசாரித்து எங்களிடம் வந்து சேர்ந்தார். கையில் காலித் தூக்குவாளியோடு அவர் வாசலில் நின்ற தோற்றம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அதன் பிறகு ஒரு முகவரை அமர்த்தினோம். தேடலில் முதலிடம் நிச்சயம் என்று சொல்லி 12,000 ரூபாய் வாங்கிக்கொண்ட அவர், 'சிறந்த வீட்டுச் சாப்பாடு, சி.எம்.சி. அருகில், வேலூர்' என்றெல்லாம் கூகுளில் மெஸ்ஸின் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டார். சில வாரங்களில் கூகுளில் இருந்த எங்கள் கடைப் பக்கமே முடக்கப்பட்டுவிட்டது. இனி எங்கிருந்து தொடங்குவது?

பதில்: காட்பாடி அச்சகத்தார்

சகோதரி, முதலில் முடக்கத்தை நீக்குங்கள்; மற்றவை பிறகு. கூகுள் பிசினஸ் புரொஃபைலில், அதாவது தேடலிலும் வரைபடத்திலும் தெரியும் அந்தக் கடைப் பக்கத்தில், கடையின் பெயர் என்பது வெளியே பலகையில் எழுதியிருக்கும் பெயர் மட்டுமே. ஊர்ப் பெயர், 'சிறந்த', 'அருகில்' போன்ற சொற்களைப் பெயரோடு ஒட்டுவது அவர்களுடைய விதிக்கு மாறானது என்பதால், பெயரைப் பலகையில் உள்ளபடி திருத்திவிட்டுத்தான் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும். அதற்குமுன் அந்த முகவரிடம் பக்கத்தின் உரிமையாளர் பொறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொண்டு அவரை நீக்கிவிடுங்கள்.

மேல்முறையீட்டில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆதாரம் சேர்க்கும் படிவத்தைத் திறந்ததிலிருந்து 60 நிமிடம்தான் அவகாசம் தருகிறார்கள். படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பீரோவில் காகிதம் தேடினால் நேரம் ஓடிவிடும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்றிதழ், மின் கட்டண ரசீது போன்றவற்றைத் தெளிவாகப் படமெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மூன்றிலும், அதாவது பலகையிலும் சான்றிதழிலும் கூகுள் பக்கத்திலும், பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முதலிடம் வாங்கித்தருகிறேன் என்று இனி யார் வந்தாலும் காசு கொடுக்காதீர்கள். உள்ளூர்த் தேடலின் வரிசையைப் பணம் கொடுத்து உயர்த்த வழியே இல்லை என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. விளம்பரம் என்பது வேறு. அது விளம்பரம் என்ற அடையாளத்தோடுதான் தெரியும்.

பதில்: சத்துவாச்சாரி வாசகர்

மேலே சொன்னது சரி. நான் அந்த மருந்துக் கடை விஷயத்தைச் சொல்கிறேன், ஏனெனில் வெளியூர் நோயாளிக்கு அதுதான் முக்கியம். சந்துக்குள் இருக்கும் கடைகளுக்கு வரைபடக் குறி பெரும்பாலும் பிரதான சாலையில் போய் விழுந்துவிடுகிறது. பக்கம் திரும்பக் கிடைத்ததும் முகவரி திருத்தும் பகுதியில் வரைபடத்தைப் பெரிதாக்கி, செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்து, குறியை அதன் மேல் நகர்த்தி வையுங்கள். பிறகு மூன்று படங்கள் போடுங்கள்: சந்து பிரியும் முனை, அங்கிருந்து பார்த்தால் தெரியும் உங்கள் பலகை, கஞ்சியும் ரசமும் வைத்த தட்டு. தமிழ் படிக்கத் தெரியாதவரும் அந்த முனைப் படத்தைப் பார்த்து வந்துவிடுவார்.

தேடல் வரிசையைப் பொறுத்தவரை, தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றைத்தான் கூகுள் சொல்கிறது. தூரம் உங்களுக்குச் சாதகம். பொருத்தத்துக்கு, உங்களுடையது எந்த வகைக் கடை என்று சொல்லும் முதன்மை வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 'பத்தியச் சாப்பாடு, கஞ்சி, பார்சல் உண்டு' என்பதெல்லாம் பெயரில் வராமல், 750 எழுத்து வரை இடம் தரும் விவரணையிலும் உணவுப் பட்டியலிலும் வரட்டும். நேரத்தையும் பிரித்துப் போடுங்கள். பிற்பகலில் அடுப்பை அணைத்திருக்கும்போது 'திறந்திருக்கிறது' என்று காட்டினால், நடந்து வந்து ஏமாறுகிறவர் ஒரு நோயாளி.

உங்கள் கடைக்குள் நின்றுகொண்டு தேடி, முதலில் வருகிறோம் என்று மகிழவும் வேண்டாம். நிற்கும் இடத்தைப் பொறுத்து முடிவு மாறும். பாகாயத்திலோ காட்பாடி ரயில் நிலையத்திலோ இருக்கும் ஒருவரைத் தேடிப்பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்: ஆற்காட்டுக் கடைக்காரர்

மதிப்புரை பற்றி ஒரு சொல். சாப்பிட்டவர்களிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மதிப்புரைக்குப் பதிலாக ஒரு காபிகூட இலவசமாகத் தராதீர்கள், அது விதிக்குப் புறம்பு. வங்காளியில் எழுதினால் வங்காளியிலேயே இரண்டு வரி நன்றி எழுதுங்கள், பக்கத்து லாட்ஜில் யாராவது உதவுவார்கள். மற்றத் தளங்களில் பழைய முகவரி கிடக்கிறதா என்றும் பாருங்கள். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகும் என் கடை சில இடங்களில் வேலூர் மாவட்டம் என்றும் சில இடங்களில் ராணிப்பேட்டை மாவட்டம் என்றும் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்த ஒரு மாதம் ஆயிற்று.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உரிமையாளர் பொறுப்பு முகவரிடம்தான் இருந்தது. இன்று காலை மாற்றிக்கொண்டேன், பெயரையும் திருத்திவிட்டேன். ஒரே ஒரு சிக்கல்: மின் கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது.

பதில்: காட்பாடி அச்சகத்தார்

வாடகை இடமென்றால் அப்படித்தான் இருக்கும். அம்மாவின் பெயரும் மெஸ்ஸின் பெயரும் சந்தின் முகவரியும் சேர்ந்து இருக்கும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழை முதலில் வையுங்கள். அதில் கதவு எண் விடுபட்டிருந்தால், திருத்தம் வாங்கிய பிறகே படிவத்தைத் திறங்கள்.