செப்புத்தகட்டு உருவப்படத்தில் அந்தஸ்தை எப்படி வாசிப்பது?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
உயர்தர சித்திர வகுப்புக்கு 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் செப்புத்தகட்டு உருவப்படங்கள் (செப்புத் தகட்டில கோடு செதுக்கி, அதில மை நிரப்பிக் கடுதாசியில அழுத்தி எடுத்த படங்கள்) காட்டப்போறன். நீள்வட்டச் சட்டம், கீழே கல்மேடை, குலச்சின்னம், லத்தீன் எழுத்து எண்டு எல்லாம் ஒரே அச்சில வார்த்த மாதிரி. ஆள் ஆர், எவ்வளவு பெரியவர் எண்டதைப் பிள்ளைகள் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?

எழுவான்கரை:
முகத்தைக் கடைசிக்கு வையுங்க டீச்சர். முதல்ல கல்மேடை எழுத்து. பேர், பட்டம், பதவி எல்லாம் அங்கதான். பிறகு கை. குறுந்தடி பிடிச்சிருந்தாப் படைத்தளபதி. கவசத்தைக் கண்டதும் போர்க்கோலம் எண்டு எழுதவிடாதீங்க. துப்பாக்கி பெருகி முழுக்கவசம் களத்தில அருகின பிறகும் பிரபுக்கள் படத்துக்கு அதைத்தான் போட்டாங்க. ஒல்லாந்து வணிகருக்குக் கறுப்பு உடுப்பும் வெள்ளைக் கழுத்துப்பட்டியும். அந்தக் கறுப்புத் துணி மலிவில்ல.

பூதக்கண்ணாடியும் குடுங்க. பிரான்ஸ் அரசன் 14ஆம் லூயியை நேரில பார்த்து வரைஞ்சு செதுக்கின ரொபேர் நான்தேயின் படங்களில கன்னம் நுண்புள்ளியும் குறுங்கீறும். உடுப்பிலயோ கோடு நீளமா ஓடித் தடிக்கும். உளியை அழுத்தினாக் கோடு ஆழமாகி அகலும், மை கூடப் பிடிக்கும். செதுக்குவேலை கைத்தொழிற் சங்கக் கட்டுப்பாடு இல்லாத சுதந்திரக் கலை எண்டு 1660இல் ஆணை போட்டதும் அதே லூயிதான்.

படுவான்கரை:
முகத்தைக் கடைசிக்கு வைக்க நல்ல சாட்சி இருக்கு. பியர் லொம்பார் எண்ட பிரெஞ்சுச் செதுக்குநர் 1655 அளவில இங்கிலாந்தின் ஆட்சியாளர் குரொம்வெல்லைக் குதிரையில இருத்திச் செதுக்கினார். அமைப்பு வான் டைக் வரைஞ்ச இங்கிலாந்து அரசன் 1ஆம் சார்ள்ஸின் ஓவியம்: கொல்லப்பட்ட அரசனின் குதிரையில அவரை வீழ்த்தினவர்! பிறகு அதே தகட்டில தலையை அழிச்சு 14ஆம் லூயி, சார்ள்ஸ் எண்டு மாத்தினாங்க. தலையே இல்லாத அச்சுப்பிரதியும் இருக்கு. குதிரையும் கவசமும் பணியாளும் எந்தத் தலைக்கும் பொருந்திச்சு.

மாத்திற முறை: கோடுகளைச் சுரண்டி, தேய்ச்சு மினுக்கி, தகட்டை முதுகுப் பக்கமாத் தட்டி மட்டப்படுத்த வேணும். தட்டாமல் விட்டாப் பள்ளத்தில மை தேங்கி, தலையைச் சுத்திச் சாம்பல் கறை விழும்.

வாவிக்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி. வகுப்பில பிள்ளைகளே ஒண்டு செய்யலாமா?

எழுவான்கரை:
தாராளமா. 2 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் தகடு), கவராய முள் போதும். விளிம்பைச் சாய்வா ராவுங்க, இல்லாட்டிக் கடுதாசி கிழியும். கடுதாசியை 10 நிமிஷம் ஊறவச்சு ஒத்தி எடுங்க. காய்ஞ்ச கடுதாசி மை நிரப்பின கீறலுக்குள்ள இறங்காது. அச்சு இயந்திரம் இல்லாட்டிக் கரண்டி முதுகால அழுத்தித் தேய்க்கலாம், கொஞ்சம் மங்கலா வரும்.

முக்கியமா, இடது இடுப்பு வாள் அச்சில வலதுக்குப் போயிடும், பேரும் இடவலம் மாறும். படத்தை ட்ரேசிங் பேப்பரில எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு, மேல பேர்ஸ்பெக்ஸை வச்சுக் கீறச் சொல்லுங்க.