படத்தோடு இடமும் தேதியும் கட்டாயம் என்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

தண்டவாளம்:
பிரிட்டனில் எடுத்த படங்கள் நம் புகைப்படக் குழுவில் வந்து குவிகின்றன, சந்தோஷம். ஆனால் முக்கால்வாசிப் படங்களுக்குக் கீழே "அழகான மாலைப் பொழுது" என்பதைத் தவிர ஒரு எழுத்து இல்லை. இனிமேல் பஸ்ஸோ பாலமோ பறவையோ, எதைப் போட்டாலும் எடுத்த தேதியும் இடமும் எழுதியே ஆக வேண்டும் என்று ஒரு விதி வைக்கலாம் என்கிறேன். இடம் என்றால் "லண்டன் பக்கம்" என்பது போதாது, ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டன் அரசு நிறுவனத்தின் வரைபடத்தில் எந்தக் கட்டம் என்று வேண்டும்.

ஜியோகிராஃப் தளம் 2005-லிருந்து இதைத்தான் செய்கிறது. பிரிட்டனையும் அயர்லாந்தையும் கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொரு சதுரத்துக்கும் படம் சேர்க்கிறார்கள், 70 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வயல், வேலி, பஸ் நிழற்குடை, மூடிய பப். ஒன்றைக்கூட யாரும் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டமாட்டார்கள், ஆனால் உங்கள் ஊர் ரயில் சிக்னல் பாக்ஸை இடித்த பிறகு அது எப்படி இருந்தது என்று தேடினால் அங்கேதான் அகப்படும்.

பேசர் ரயிலை நினைத்துப் பாருங்கள். 1980-களில் லேலண்ட் பஸ்ஸின் உடம்பை நான்கு சக்கரச் சட்டத்தின் மேல் ஏற்றி ஓட்டிய வண்டி அது, வளைவில் திரும்பினால் காதைக் கிழிக்கும், வடக்கு இங்கிலாந்தில் அதைத் திட்டாத ஆள் இல்லை. கடைசியில் நிறுத்தப் போகிறார்கள் என்றதும் எல்லோரும் கேமராவைத் தூக்கினார்கள். அத்தனை வருடமாக உள்ளே அந்த பஸ் பெஞ்சில் ஜனங்கள் உட்கார்ந்து வேலைக்குப் போனதை எடுத்தவர் எத்தனை பேர்?

நிழல்வெளி:
அண்ணா, நீங்கள் கேட்பது கணக்குப் புத்தகம், நான் எடுப்பது படம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் மழை விட்ட நேரத்தில் ஒரு மனிதர் குடையோடு நடந்தால் அது எந்தக் கட்டம், எந்த நாள் என்பது எனக்கு வேண்டாம். எழுதி வைத்தால் பார்ப்பவர் கண் முதலில் எழுத்துக்குத்தான் போகும்.

அப்புறம் இன்னொன்று. தேதி போட்டுவிட்டால் போதும், எதையும் எடுக்கலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பஸ் பிரியர்கள் படங்களைப் பார்த்திருப்பீர்கள்: வெயில் முதுகுக்குப் பின்னால், வண்டியின் முகப்பும் ஒரு பக்கமும் தெரிகிற அதே கோணம், நூறு படமும் ஒரே படம்.

பழைய தபால்:
அந்த நூறு படத்தில் பஸ்ஸை யார் பார்க்கிறார்கள் தம்பி? நான் பின்னால் இருக்கிற கடைப் பலகைகளைத்தான் பார்ப்பேன். லண்டனின் சிவப்பு மாடி பஸ்ஸான ரூட்மாஸ்டரை 1970-களில் எடுத்த படம் ஒன்று கிடைத்தால் ஓரத்தில் பெட்ரோல் விலை, சினிமா போஸ்டர், கால்சட்டை அகலம் எல்லாம் இருக்கும். எடுத்தவருக்கு அது எதுவும் பொருட்டில்லை. ஆனால் தெருப் பெயரும் வருடமும் இல்லாவிட்டால் அது வெறும் பழைய தெரு.

என் பித்து தபால்பெட்டி, தெரிந்ததுதானே. பெட்டியில் ராஜமுத்திரை இருக்கும், அதை வைத்து யார் காலத்தது என்று சொல்லிவிடலாம். எட்டாம் எட்வர்டு 1936-இல் ஒரு வருடம்கூட முழுசாக ஆளவில்லை, அவர் முத்திரை உள்ள பெட்டி கண்ணில் பட்டால் நின்றுவிடுவேன். 1879-லிருந்து 1887 வரை வார்த்த சில பெட்டிகளில் முத்திரையே இல்லை, விட்டுவிட்டார்கள். இல்லாததே அடையாளமாகிவிட்டது! ஸ்காட்லாந்தில் வேறு கதை. முதலாம் எலிசபெத் அங்கே அரசியே இல்லை, பிறகு புது அரசி எலிசபெத் எப்படி 'இரண்டாம்' என்று சண்டை. எடின்பரோ இஞ்ச் பகுதியில் அவர் முத்திரையோடு வைத்த பெட்டியை 1953-இல் வெடி வைத்தே தகர்த்தார்கள், அதன் பிறகு அங்கே வெறும் ஸ்காட்லாந்துக் கிரீடம்தான். இப்போது சொல்லுங்கள், இடம் எழுதாமல் ஒரு சிவப்புப் பெட்டியின் படத்தை வைத்து நான் என்ன செய்ய?

(தொலைபேசிப் பெட்டியை மட்டும் சிவப்பாக விட்டு மீதியைக் கறுப்பு வெள்ளையாக்கிப் போடுபவர்களுக்குத் தனி விதி வேண்டும், அதைப் பிறகு பேசுவோம்.)

குளக்கரை:
பெட்டி பறந்து போகாது ஐயா, அதனால் உங்களுக்கு எளிது. மீன்கொத்தியின் கூடு எந்தக் கட்டத்தில் என்று நான் எழுதினால் அடுத்த சனிக்கிழமை அந்தக் கரையில் கேமரா முக்காலிகள் வரிசை கட்டிவிடும். குஞ்சுக்கு மீன் கொண்டுவரும் பறவை ஆளைக் கண்டால் உள்ளே நுழையாது, அலகில் மீனை வைத்துக்கொண்டு எதிர்க்கிளையில் தலையை ஆட்டி ஆட்டிக் காத்திருக்கும். படத்தில் "அருமையான போஸ்" என்று நாம் லைக் போடுவது சில சமயம் அந்தத் தவிப்பைத்தான்.

இது விருப்பு வெறுப்பு விஷயமில்லை, சட்டம். 1981-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மீன்கொத்தியும் கூகை ஆந்தையும் இருக்கின்றன. கூட்டருகே அவற்றைத் தொந்தரவு செய்வது குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதனால் பறவைகளுக்கு இந்த விதி வேண்டவே வேண்டாம்.

வடகாற்று:
இங்கே ஸ்காட்லாந்திலிருந்து ஒரு மாற்றுக் கதை. லாக் கார்டன் ஏரிக்கரையில் ஆஸ்ப்ரே, அந்த மீன்பிடிக் கழுகு, 1950-களில் திரும்பி வந்து கூடு கட்டியது. ஊருக்குச் சொல்லாமல் ரகசியமாகத்தான் காத்தார்கள். 1958-இல் முட்டை திருடன் இருட்டில் ஏறி முட்டையை எடுத்துக்கொண்டு, கோழி முட்டைக்கு ஷூ பாலிஷ் பூசிக் கூட்டில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த வருடம் பிரிட்டனின் பறவைகள் பாதுகாப்புச் சங்கம் (ஆர்.எஸ்.பி.பி.) நேர் எதிராக இறங்கியது: இங்கேதான் கூடு, வந்து பாருங்கள் என்று அறிவித்தது. ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது, குஞ்சும் பொரித்தது. ரகசியம்தான் பாதுகாப்பு என்பது எப்போதும் சரியில்லை அக்கா.

குளக்கரை:
அந்தக் கதை எனக்கும் தெரியும் தம்பி. பாதியை விட்டுவிட்டீர்கள். அங்கே இரவும் பகலும் ஆள் காவல் இருந்தது, பார்க்க வருபவர்களுக்குத் தனி மறைவிடம் கட்டி, அதற்குள்ளிருந்துதான் பார்க்கவிட்டார்கள். என் ஓடைக்கரையில் யார் காவல், நீங்கள் வருகிறீர்களா? வேல்ஸின் ஸ்கோமர் தீவில் பஃபின் என்ற கடற்பறவையை எடுத்தால் தாராளமாக இடம் எழுதுங்கள், எல்லோருக்கும் தெரிந்த இடம், படகில் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு உண்டு. தனிக்கூடு வேறு.

நிழல்வெளி:
பறவைக்கு மட்டுமா? 2016 பிப்ரவரியில் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற பழைய நீராவி எஞ்சின் பெரிய பழுதுபார்ப்பு முடிந்து லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க்குக்கு ஓடியபோது தண்டவாளத்துக்குள் இறங்கி நின்ற கூட்டத்தால் வண்டியே நின்று போக வேண்டி வந்தது. எங்கே எப்போது வரும் என்று துல்லியமாகச் சொன்னதன் விளைவு. உங்கள் ஆட்கள்தான் தண்டவாளம் அண்ணா!

தண்டவாளம்:
தண்டவாளத்தில் இறங்கியவர்கள் என் ஆட்கள் இல்லை, ஆயிரம் பவுண்டு வரை அபராதம் வாங்க வேண்டியவர்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கத் தெரியாதவனுக்கு ரயில் படம் எதற்கு. தவிர அது வரப்போகிற வண்டியின் நேரம், நான் கேட்பது எடுத்து முடித்த படத்தின் தேதி, இரண்டையும் குழப்பாதீர்கள்.

குளக்கரை அக்கா சொல்வதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். கூடு, குஞ்சு என்றால் பத்து கிலோமீட்டர் சதுரம் போதும், அதுவும் குஞ்சுகள் பறந்த பிறகு. ஆனால் தேதி கட்டாயம். இந்த வருடம் எந்த வாரத்தில் தகைவிலான் வந்தது என்பதற்கு ஒரு படம் போதும், தேதி இல்லாவிட்டால் அதுவும் போச்சு.

குளக்கரை:
அப்படியென்றால் சரி. ஃபோனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் படத்துக்குள் ஜிபிஎஸ் எண்கள் ஒளிந்திருக்கும், அதை அழித்துவிட்டுப் போடவேண்டும் என்பதையும் விதியில் சேருங்கள். இல்லையென்றால் மேலே பத்து கிலோமீட்டர் என்று எழுதி உள்ளே கிளையையே காட்டிக் கொடுப்போம்.

நிழல்வெளி:
நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். விதி வந்தால் என் தெருப் படங்கள் இங்கே வராது. நேற்று எடுத்த தொலைபேசிப் பெட்டியைக் கடைசியாகப் போடுகிறேன், இடம் எழுதப்போவதில்லை.

பழைய தபால்:
போடுங்கள் தம்பி, பார்க்கலாம். மேலே கிரீடத்தில் காற்றோட்டத் துளைகள் குத்தியிருந்தால் கே2 என்ற மாதிரி, 1926-இல் வந்தது, அநேகமாக லண்டன்தான். துளை இல்லாமல் கிரீடம் வெறுமனே புடைத்து, கண்ணாடியில் நடு வரிசை அகலமாக இருந்தால் 1935-ஆம் வருடத்து கே6, அது நாட்டில் எங்கேயும் இருக்கலாம். உள்ளே இன்னும் தொலைபேசிதான் இருக்கிறதா, அதை எடுத்துவிட்டு வைத்த புத்தக அலமாரியா, மாரடைப்புக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவியா என்று தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறீர்களா?

நிழல்வெளி:
கதவு மூடியிருந்தது. கண்ணாடியில் என் குடைதான் தெரிகிறது.