நேரடி வகுப்பு தொடங்கும் குழுவில் என்னையும் போட்டுவிட்டார்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – அட்டவணைக்காரன்

கொரோனாத் தொற்றுக்காக 2020-இல் மூடிய எங்கள் கல்லூரியில் மாணவர்களை மீண்டும் வளாகத்துக்கு அழைக்கத் திட்டம் போடுகிறார்கள். கால அட்டவணை போடுபவன் என்பதால் குழுவில் என் பெயரும் வந்துவிட்டது. இதுவரை நடந்த கூட்டங்களில் பேசியதெல்லாம் நுழைவாயிலைப் பற்றித்தான். வெப்பமானி எத்தனை வாங்குவது, கிருமிநாசினியைக் காலால் மிதிக்கும் தாங்கியில் வைப்பதா மேசை மேல் வைப்பதா, தரையில் போடும் வட்டம் மஞ்சளா வெள்ளையா. வகுப்பறைக்குள் என்ன செய்வது என்று யாராவது வாயைத் திறப்பதற்குள் மணி ஐந்தாகிவிடுகிறது.

எங்கள் நிலை இது. ஒரு வகுப்பில் 60 பேர். இடைவெளி விட்டு உட்கார வைத்தால் ஓர் அறையில் 30 பேர்தான் கொள்வார்கள். ஒற்றைப்படைப் பதிவெண் ஒரு நாள், இரட்டைப்படை மறுநாள் என்று சுழற்றலாம் என்கிறார் முதல்வர். அறையில் இருக்கும் 30 பேருக்குப் பாடம் எடுக்கும்போதே வீட்டில் இருக்கும் 30 பேருக்கும் அதை நேரலையாகக் காட்ட வேண்டும் என்பது நிர்வாகத்தின் விருப்பம். இறுதியாண்டு அறிவியல் மாணவர்கள் ஓராண்டுக்கு மேலாக ஆய்வகத்தில் காலடி வைக்கவில்லை. விடுதி பூட்டியே கிடக்கிறது.

யாரை முதலில் அழைப்பது? நேரலை நடக்கிற காரியமா? ஏற்கெனவே திறந்த கல்லூரிகளில் இருப்பவர்கள் சொன்னால் அடுத்த கூட்டத்தில் நானும் ஏதாவது பேசுவேன்.

பதில் 1 – ஆய்வகப் பொறுப்பாளர்

ஐயா, நான் வேதியியல் துறை. ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. வட்டத்தின் நிறத்தை அவர்களே பேசித் தீர்க்கட்டும். அந்தக் குழுவில் நோயைத் தடுக்கக்கூடிய கருவி ஒருவரிடம்தான் இருக்கிறது. அது நீங்கள் போடப்போகும் அட்டவணை.

வெப்பமானியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தொற்று, அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. காய்ச்சலே வராமல் பரப்புகிறவர்களும் உண்டு. அவர்கள் எல்லாரும் வாசலில் நெற்றியைக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள்.

கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றி. காற்றோட்டமில்லாத அறைகளில் நுண்துளிகள் மிதந்து ஒரு மீட்டருக்கு அப்பாலும் தொற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே 2021 ஏப்ரல் கடைசியில் தன் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டது. ஆறடி இடைவெளி விட்டு உட்கார வைத்துவிட்டு, சன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டால் ஆறடிக்கு அர்த்தமே இல்லை. சுவரில் மாட்டும் சாதாரணக் குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே குளிர்வித்துச் சுற்றி விடுகிறது.

கையடக்கமான கரியமில வாயு மீட்டர் ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். வெளிக்காற்றில் அது 400-க்குச் சற்று மேலே காட்டும் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்ற கணக்கு). எங்கள் கருத்தரங்க அறையில் கதவைச் சாத்தி 30 பேர் உட்கார்ந்திருந்தபோது பாடவேளை முடிவதற்குள் 1,800-ஐத் தாண்டிவிட்டது. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்த அறையில் அதே 30 பேருக்கு 700-ஐத் தொடவில்லை. அந்த மீட்டர் கிருமியை அளக்காது. அடுத்தவர் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைக் காட்டும். அதை எடுத்துக்கொண்டு எல்லா அறைகளையும் சுற்றி வாருங்கள். மோசமான அறைகளுக்கு அட்டவணையில் இடமே கொடுக்காதீர்கள், அது நிர்வாகம் பெருமையாக விருந்தினருக்குக் காட்டும் அறையாக இருந்தாலும் சரி.

அடுத்தது மணி. எல்லா வகுப்புக்கும் ஒரே மணியடித்தால், அறைக்கு 30 என்று போட்ட கணக்கு படிக்கட்டில் 300 ஆகிவிடும். மாடிக்கு மாடி 15 நிமிடம் தள்ளி விடுங்கள். ஆசிரியர் ஓய்வறையையும் மறக்க வேண்டாம். மாணவர்களுக்கு வட்டம் போட்ட நாங்கள், ஒரே நீள மேசையில் முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஊர்க்கதை பேசினோம். எங்கள் கல்லூரியில் தொற்று முதலில் தலைகாட்டியது அங்கேதான்.

நேரலை வேண்டவே வேண்டாம். பாடம் எடுப்பவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் வீட்டில் இருப்பவர்களுக்கு முதுகு தெரியும். முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் குரல் ஒலிவாங்கியில் பாதிதான் விழும். வீட்டிலிருக்கும் பிள்ளை தட்டச்சு செய்த சந்தேகத்தைப் பாடம் முடிந்த பிறகுதான் பார்ப்போம். இரண்டு தரப்புக்கும் அரை ஆசிரியர் கிடைப்பார். விரிவுரைகளை எல்லாருக்கும் இணையவழியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கையால் செய்ய வேண்டியதற்கும் நேரில் உட்கார்ந்து கேட்டால்தான் விளங்கும் கணக்குகளுக்கும் மட்டும் வளாகத்துக்கு அழையுங்கள். அப்போது ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற குழப்பமே எழாது.

ஆகவே இறுதியாண்டுச் செய்முறை வகுப்புதான் முதலில். 15 பேர் ஓர் அணி. ஆனால் அவர்களை அழைப்பதற்கு முன் ஆய்வகத்தை எழுப்ப வேண்டும். அதற்கு இரண்டு வாரமாவது கேளுங்கள். நான் பூட்டைத் திறந்தபோது முதலில் வந்தது சாக்கடை நாற்றம். கழுவுதொட்டிகளுக்குக் கீழே வளைகுழாயில் நிற்கிற நீர் காய்ந்துவிட்டால் கழிவுக்குழாயின் வாயு நேரே அறைக்குள் ஏறும். தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். குழாய்களுக்குள் மாதக்கணக்கில் தேங்கிய நீர் வேறு விவகாரம். அதில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். அந்த நீரின் சாரலைச் சுவாசித்தால் கடுமையான நிமோனியா வரும். அவசரக் கண்கழுவி, குளியல் குழாய் உட்பட எல்லாவற்றையும், சாரல் தெறிக்காமல், நன்றாகத் திறந்து ஓடவிட வேண்டும். ஒரு நோய்க்குப் பயந்து பூட்டிய கட்டடம் இன்னொரு நோயை வளர்த்து வைத்திருக்கும்.

திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்களான பியூரெட்டுகளில் திருகு அசையவில்லை. மசகு கட்டிக் கல்லாகிவிட்டது. சோடியம் ஹைட்ராக்சைடு புட்டிகளின் கண்ணாடி மூடிகள் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மின்முனைகள் உலர்ந்து உயிர்விட்டிருந்தன. பர்னர் ரப்பர் குழாயை வளைத்தால் வெடிப்பு தெரிந்தது, அத்தனையும் குப்பைக்கு. தராசுகளை மீண்டும் அளவீடு சரிபார்க்க ஆள் வர வேண்டியிருந்தது.

பிப்பெட் என்ற அளவுக் குழாயில் திரவத்தை வாயால் உறிஞ்சி ஏற்றும் பழக்கம் இன்னும் இருந்தால் இப்போதாவது ஒழியட்டும். இது என்றைக்கோ நின்றிருக்க வேண்டியது. ரப்பர் குமிழ் வாங்கப் பணம் இல்லை என்று இத்தனை காலம் சொன்னவர்கள் வெப்பமானிக்கு எங்கிருந்து எடுத்தார்கள் என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

பதில் 2 – விடுதி மாணவி

மேடம் சொன்னவற்றோடு எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது என்ற விதியை நிறுத்தி வைக்காமல் கல்லூரியைத் திறந்தால், யாரும் காய்ச்சலைச் சொல்ல மாட்டார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு செய்முறைக்கு வருவார்கள். நானே வருவேன். தொண்டை கரகரத்தால் அறையிலேயே இருக்கலாம், தவறிய சோதனையைப் பிறகு செய்யலாம் என்று எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோம்.

விடுதியைத் திறப்பதென்றால், தொற்று வந்தவரை எந்த அறையில் வைப்பீர்கள், அந்த அறைக்குத் தனிக் கழிவறை உண்டா, அவருக்கு வேண்டியதை யார் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள் என்பது முதல் நாளே தெரிய வேண்டும். அமெரிக்காவில் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலைனா பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்ட் 10 அன்று நேரடி வகுப்பைத் தொடங்கியது. ஒரே வாரத்தில் இளநிலை வகுப்புகளை இணையத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. தொற்று கொத்தாகத் தெரிந்த இடங்களில் பெரும்பாலானவை மாணவர் தங்கும் விடுதிகள்தாம்.

திறக்கும் தேதியைக் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பாவது அறிவியுங்கள். தள்ளிப்போடுவதானாலும் முதல் நாள் இரவு சுற்றறிக்கை விடாதீர்கள்.

பதில் 3 – பொறுத்திருப்போம்

இவ்வளவு பாடுபட்டு எதற்குத் திறக்க வேண்டும்? எல்லாரும் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டு, இரண்டு வாரம் கழியட்டும். அதுவரை இணையவழியே போகட்டும். இல்லையென்றால் வாரந்தோறும் பரிசோதனை செய்யுங்கள்.

ஆய்வகப் பொறுப்பாளர்

தடுப்பூசி கட்டாயம் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. பரிசோதனையும் நல்லதுதான். ஆனால் 2020-இல் இலினாய் பல்கலைக்கழகம் சொந்தமாக உமிழ்நீர்ப் பரிசோதனை உருவாக்கி, மாணவர்களை வாரம் இருமுறை சோதித்தது. அப்படியிருந்தும் தொடக்கத்திலேயே தொற்று எகிறியது. தொற்று உறுதியான சிலரே கூட்டங்களுக்குப் போனார்கள். பரிசோதனை முடிவைச் சொல்லும், ஆளைக் கட்டிப்போடாது. அந்த மாணவி கேட்ட எழுத்துப்பூர்வ விதி அதனால்தான் முக்கியம். "எல்லாரும்" வரும்வரை காத்திருந்தால் இந்த இறுதியாண்டு, பியூரெட்டைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டம் வாங்கிப் போய்விடும்.

அட்டவணைக்காரன்

மிக்க நன்றி. நேரலையை எதிர்த்துப் பேச வாதம் கிடைத்துவிட்டது. மாடிக்கு மாடி மணியைத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன், இரண்டு துறைகளுக்குப் பொதுவான மொழிப்பாடம் மட்டும் இடிக்கிறது. அதை இணையத்திலேயே விட்டால் தீர்ந்தது. வருகைப்பதிவு விதியை முதல்வரிடம் தனியாகப் பேசப் போகிறேன், கூட்டத்தில் வைத்தால் அது வட்டத்தின் நிறம் மாதிரி ஆகிவிடும்.

ஒரு சந்தேகம். எங்கள் ஆய்வக உதவியாளர் நாளை அலமாரிகளைத் துடைத்து அடுக்கப் போவதாகச் சொன்னார். டைஈத்தைல் ஈதர் என்ற கரைப்பான் இருக்கும், பாதி காலியான புட்டி ஒன்று பின்வரிசையில் இருக்கிறதாம், மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறதாம். துடைத்து வைக்கலாமா என்று கேட்கிறார்.

ஆய்வகப் பொறுப்பாளர்

ஐயா, இப்போதே அவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அந்தப் புட்டியைத் தொடக் கூடாது. திருகிப் பார்க்கவோ நகர்த்தவோ துடைக்கவோ கூடாது. ஈதர் காற்றுப் பட்டு நாளாகிவிட்டால் பெராக்சைடாக மாறும். படிகமாகப் பூத்திருந்தால் மூடியைத் திருகும் உராய்வே வெடிக்கப் போதும். அலமாரி வேலையை நிறுத்தி, அறையைப் பூட்டி, வாசலில் எழுதி ஒட்டுங்கள். துறைத்தலைவர் மூலம் அபாயகரமான வேதிப்பொருளை அகற்றப் பயிற்சி பெற்றவர்களை வரவழைக்க வேண்டும். அதே வரிசையில் டெட்ராஹைட்ரோஃபியூரான் புட்டி இருந்தால், அதுவும் இப்படிப் பெராக்சைடு உண்டாக்கும் கரைப்பான்தான், அதற்கும் இதுவே. அவர்கள் வந்து போகும்வரை செய்முறை வகுப்புக்குத் தேதி குறிக்காதீர்கள்.