கட்டத்துக்குள்ள அடங்காத பதில் – உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

மல்லேஸ்வரம் மைனா:
பெங்களூருல ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்குக் கள உதவியாளரா இருந்தப்போ நடந்தது. கர்நாடகாவுல இருக்கிற பிளிகிரிரங்கன் மலையில நெல்லி மரம் எண்ணுற வேலை. சொந்த ஊர் சத்தியமங்கலம்ங்கறதால அந்த மலையோட பழங்குடியான சோலிகர் பேச்சு எனக்குப் பாதி புரியும். அதனால கேள்வித்தாளை என் தலையில கட்டிட்டாங்க.

‘உண்ணிச்செடி எந்த வருஷம் வந்தது?’ன்னு ஒரு கட்டம். உண்ணிச்செடின்னா லான்டானா, வெளிநாட்டுலேருந்து வந்து காட்டுல பரவுற புதர். பெரியவர் ஒருத்தர், “வருஷம் யாருக்குத் தெரியும்? தரகு பெங்கி நின்னதுக்கப்புறம்” என்றார். தரகு பெங்கின்னா சருகுத் தீ. கோடை ஏறுறதுக்கு முன்னாடியே வெச்சுருவாங்க, புல்லும் சருகும் மட்டும் எரிஞ்சு அடங்கிரும். 1974ல சரணாலயம் ஆனதும் அந்தப் பழக்கத்துக்குத் தடை.

நான் கட்டத்துல ‘தெரியாது’ன்னு எழுதினேன். இப்பவும் கூசுது.

வர்ற வழியில நெல்லிக் கிளை ஒண்ணை வளைச்சுக் காட்டினார். பொடி இலைக்கு நடுவுல தடிச்ச இலை. புல்லுருவி, மரத்துச் சத்தை உறிஞ்சி வளர்ற ஒட்டுண்ணி. அவங்க ‘உப்பிலு’ங்கறாங்க. தீ இருந்தவரைக்கும் அது இவ்வளவு ஏறலையாம்.

பெங்களூரு வந்ததும் எங்க சீனியர் அக்கா தாள்களைப் புரட்டிட்டு, “எல்லாருமா தெரியாதுன்னாங்க?”ன்னு கேட்டாங்க. முழிச்சேன். அந்தக் காட்டுல 1997ல 41 சதவீத மாதிரித் திட்டுகள்ல (கணக்கெடுக்கக் குறிச்ச சின்னத் துண்டு நிலங்கள்ல) இருந்த உண்ணிச்செடி, 2008ல 81 சதவீதத்துல இருந்தது. எவ்வளவு பரவுச்சுன்னு திட்டுக் கணக்கு சொல்லும். ஏன் பரவுச்சுங்கறதுக்கான துப்பு, நான் எழுதாம விட்ட பதில்ல இருந்தது.

சர்ஜாபூர் வாசி:
எங்க அபார்ட்மென்ட்ல போர்வெல் 1,200 அடி போயும் வெறும் காத்துதான். கிணறு வெட்டுற ஒட்டர் ஒருத்தரைக் கூப்பிட்டோம். மண்ணை உருட்டிப் பார்த்து ஒரு மூலையைக் காட்டினார். நிலத்தடி நீர் நிபுணரோட வரைபடம் வேற மூலையைக் காட்டுச்சு. ரெண்டு பேரையும் ஒண்ணா நடக்க விட்டோம். ஒரு மணி நேரம் வாக்குவாதம் (செக்ரட்டரி நடுவுலயே எஸ்கேப்). கடைசியில தோண்டினது மூணாவது இடத்துல! 28 அடியில தண்ணி.

கேள்விக்குறி:
மைனா, அப்போ மறுபடி காட்டைக் கொளுத்தலாம்ங்கறீங்களா?

மல்லேஸ்வரம் மைனா:
இல்லைங்க. உண்ணிச்செடி இப்ப ஆள் உயரத்துக்கு மேல புதரா நிக்குது. தீ வெச்சா மர உச்சி வரைக்கும் ஏறிரும். இதையும் அந்தப் பெரியவரேதான் சொன்னார். இந்தத் தடவை எழுதிக்கிட்டேன், கட்டத்துக்கு வெளியில.