ஹாப்ஸ் கொடி அடியிலிருந்து மஞ்சளாகிறது: எந்தப் பூஞ்சை என்று எப்படி உறுதி செய்வது?

பசுங்கொடி:
வணக்கம். இங்கிலாந்து, கென்ட். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியில் ஃபகிள் ரகம், ஜூலை கடைசி வாரம். ஒரே வரிசையில் அடுத்தடுத்து ஏழு செடிகளில் அடி இலைகள் நரம்புக்கு நடுவே மஞ்சளாகி, ஓரம் கருகி மேல்நோக்கிச் சுருள்கின்றன. அடிச்சாம்பல் நோய் என்று நினைத்து இரண்டு முறை மருந்து அடித்தாயிற்று, பலன் இல்லை. மக்னீசியம் குறைவு என்றும் ஒரு கருத்து இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

தண்டுவெட்டி:
மருந்தை நிறுத்துங்கள். அடிச்சாம்பல் என்றால் இலைப்புள்ளிகள் நரம்புகளுக்குள் கட்டம் கட்டினாற்போல் இருக்கும், ஈரமான காலையில் இலையின் அடியில் சாம்பல்கறுப்புப் படலம் தெரியும். மக்னீசியம் குறைவு இப்படி ஏழு செடியோடு நிற்காது, தோட்டத்தில் பரவலாகத் தெரியும்.

மஞ்சள் இலையை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தொட்டதும் உதிர்ந்தால் வெர்டிசிலியம் என்ற மண்பூஞ்சையால் வரும் வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் கொடித்தண்டைச் சாய்வாக வெட்டுங்கள். கட்டைப்பகுதி காப்பி நிறத்தில் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. தண்டு வழக்கத்தைவிடத் தடித்து, பட்டை சொரசொரப்பாகவும் இருக்கும். ஒப்பிட நல்ல செடியிலும் ஒன்று வெட்டிப் பார்ப்பது அவசியம்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது ஃபியூசேரியம் என்ற வேறொரு பூஞ்சையால் வரும் தண்டழுகல். அதில் கொடி முழுதும் திடீரென வாடும், இலை உதிராமல் தொங்கும். மண்மட்டத்தில் தண்டு வீங்கி, வேர்க்கட்டையோடு சேரும் இடம் மட்டும் ஒடுங்கியிருக்கும். மெதுவாக இழுத்தாலே கையோடு வந்துவிடும்.

பசுங்கொடி:
வெட்டிப் பார்த்தேன். ஏழில் ஐந்தில் பழுப்பு, இலையும் உதிர்கிறது. இது போதுமா?

அகார்த்தட்டு:
போதாது. பழுப்பு நிறம் பூஞ்சையின் பெயரைச் சொல்லாது. இன்னும் பச்சையாக இருக்கும் தண்டில் மாதிரி எடுங்கள். காய்ந்த தண்டில் ஆல்டர்னேரியா போன்ற மட்குண்ணிகள் (செத்த திசுவில் வளரும் பூஞ்சைகள்) முந்திக்கொண்டு ஆய்வக வளர்ப்புத் தட்டை நிரப்பிவிடும், பலருக்கும் தவறுவது இங்கேதான்.

பட்டையை உரித்து, 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசுங்கள். பழுப்புக் கட்டையைச் சிறு சீவல்களாக்கி, பாக்டீரியாவைத் தடுக்க ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்த உருளைக்கிழங்கு அகார் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் வைத்து 22 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் விடுங்கள். நுண்ணோக்கியில் வித்துத்தாங்கிகள் (பூஞ்சையின் வித்துகளைத் தாங்கும் காம்புகள்) ஒரே கணுவிலிருந்து சக்கர ஆரம்போல் பிரிந்தால் அது வெர்டிசிலியம். தட்டில் கரும்புள்ளிகளாக நுண்கட்டிகள் (பூஞ்சை இழைகள் திரண்ட சிறு உருண்டைகள்) வந்தால் வெர்டிசிலியத்தில் டாலியே இனம். நுண்கட்டி இல்லாமல் கறுத்த இழைகள் மட்டும் வந்தால் நான்அல்ஃபால்ஃபே இனம். முன்பு இதை ஆல்போ-ஆட்ரம் என்றே எழுதினார்கள், 2011இல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். ஐயம் இருந்தால் ஒரு தட்டை 30 டிகிரியில் வையுங்கள்: டாலியே வளரும், மற்றது வளராது.

தண்டுவெட்டி:
இனம் தெரிந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். நான்அல்ஃபால்ஃபேயில் மிதமான வகையும் உண்டு, செடியையே கொல்லும் வகையும் உண்டு. மிதமானது ஆண்டுக்கு ஆண்டு கூடிக் குறையும், செடி தேறிவிடவும் கூடும். தட்டில் இரண்டையும் பிரித்தறிய முடியாது, ஆய்வகத்தில் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஃபகிள் மிதமான வகைக்கே எளிதில் ஆளாகும் ரகம் என்பதால், அறிகுறியின் கடுமையை வைத்து வகையைக் கணிக்க வேண்டாம். இங்கிலாந்தில் இந்த நோய் முதலில் பதிவானது 1924இல், உங்கள் கென்ட்டில் உள்ள பென்ஸ்ஹர்ஸ்ட்டில். ஸ்லோவேனியாவின் சாவின்யா பள்ளத்தாக்கில் 1997இல் கொல்லும் வகை புகுந்த பிறகு தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று.

முடிவு வரும்வரை அந்த வரிசையை உழாதீர்கள். தழைச்சத்தைக் குறையுங்கள், அது நோயைத் தூண்டும். அறுவடைக் கழிவை எக்காரணம் கொண்டும் தோட்டத்துக்குத் திருப்பிப் போடக் கூடாது, நோய் பரவும் பெரிய வழி அதுதான். இதைக் குணப்படுத்தும் பூஞ்சைக்கொல்லி இல்லை. கொல்லும் வகை உறுதியானால் அந்தச் செடிகளோடு சுற்றியுள்ளவற்றையும் தோண்டி எரித்துவிட்டு, சில ஆண்டுகள் புல் மட்டும் வளர விடுங்கள். அகன்ற இலைக் களைகள் முளைத்தால் பூஞ்சைக்கு அவையே புகலிடமாகும். மறுநடவுக்கு டார்கெட் போன்ற தாங்கும் ரகம் பாருங்கள்.

அகார்த்தட்டு:
மாதிரி எடுக்கும்போது நல்ல செடியில் தொடங்கி நோயுற்றதில் முடியுங்கள். ஒவ்வொரு செடிக்குப் பிறகும் கத்தியை 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடையுங்கள், காலணி மண்ணை அந்த வரிசையிலேயே தட்டிவிட்டு வெளியே வாருங்கள்.