கட்டணமே இல்லாத அருவிக்கு மதிப்புக் கணிப்பது எப்படி? (குற்றாலத்தை முன்வைத்து)

தென்காசி மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டுக்குக் குற்றாலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பேரருவியில் குளிக்க யாரும் கட்டணம் செலுத்துவதில்லை. வண்டி நிறுத்தும் இடத்துக்கும் கடைகளுக்கும் வரும் பணம் ஏட்டில் ஏறுகிறது, அருவி ஏறுவதில்லை. ஓர் இடத்துக்கு வந்து சேர மக்கள் செய்யும் செலவைக் கொண்டு அதன் மதிப்பைக் கணிக்கும் பயணச் செலவு முறையைப் படித்த பிறகு, குற்றாலம் முழுவதற்கும் சேர்த்து ஒரு தொகையைக் கணித்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. ஆனால் நான் அறிய விரும்புவது, நீர்வரத்து, சாரல், மரநிழல், நெரிசல் இல்லாமை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே என்ன பெறும் என்பதைத்தான்.

என் வழிகாட்டி இன்னொரு கேள்வியையும் கேட்டார். மேலிருந்து விழும் நீர் இடையிலுள்ள பொங்குமாங்கடலில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் பேரருவியின் கீழே நம்மால் தலை கொடுத்து நிற்க முடிகிறது. அந்தப் பாறைக் குழிக்கு நீ என்ன மதிப்புப் போடுவாய் என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பொருளியல் ஆசிரியர்

நல்ல கேள்வியம்மா. பயணச் செலவு முறையின் வேரைப் பார்த்தால் உங்கள் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும். அமெரிக்க தேசியப் பூங்காக்களின் பயனை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு 1947-இல் பொருளியல் அறிஞர் ஹெரால்டு ஹோட்டலிங் ஒரு கடிதத்தில் விடை எழுதினார். பூங்காவைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பகுதிகளைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எத்தனை பேர் வருகிறார்கள், வந்து சேர என்ன செலவாகிறது என்று பார்த்தால், அந்தச் செலவையே விலையாகக் கொண்டு, விலை ஏற ஏற வருகை எப்படிக் குறைகிறது என்று காட்டும் தேவைக் கோட்டை வரைந்துவிடலாம் என்பதே அவருடைய யோசனை. 1959-இல் மரியன் கிளாசன் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வருபவரும், மதுரையிலிருந்து ஏறத்தாழ நூற்றறுபது கிலோமீட்டர் வருபவரும் குளிப்பது ஒரே அருவியில்தான். ஆனால் அவர்கள் கொடுக்கும் விலை வேறு. கோட்டுக்குக் கீழே, செலவுக்கு மேலே உள்ள பரப்புதான் நுகர்வோர் உபரி, அதாவது ஒருவர் கொடுக்கத் தயாராக இருந்த தொகைக்கும் உண்மையில் கொடுத்ததற்கும் உள்ள வேறுபாடு.

இந்தக் கணக்கில் கிடைப்பது ஊரின் மொத்த மதிப்பு. கூறுகளைப் பிரிக்க வேண்டுமானால், அந்தக் கூறுகள் இடத்துக்கு இடமோ நாளுக்கு நாளோ வேறுபட்டிருக்க வேண்டும். 1984-இல் பிரவுன், மெண்டல்சன் இருவரும் வாஷிங்டன் மாநில ஆறுகளில் மீன் பிடிக்க வருபவர்களைக் கொண்டு, இயற்கைக் காட்சி, நெரிசலின்மை, மீன் அடர்த்தி ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். கூடுதல் நலம் உள்ள ஆற்றுக்குப் போக ஒருவர் எவ்வளவு கூடுதல் தொலைவு செல்கிறார் என்பதே அவர்களுடைய அளவுகோல். இதில் ஒரு குறை உண்டு. சிறந்த இடம் வீட்டுக்கு அருகிலேயே அமைந்துவிட்டால், நல்ல கூறுக்கு எதிர்மறை விலை வந்துவிடும். ஆறுகளும் அருவிகளும் சந்தை பார்த்து அமைந்தவை அல்ல.

எனவே, பல இடங்களுள் ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்து ஒவ்வொரு கூறின் மதிப்பையும் கணிக்கும் தெரிவு மாதிரியைப் பரிந்துரைக்கிறேன். இதற்கு அடித்தளமிட்ட டேனியல் மெக்ஃபேடனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று குற்றாலம், பாபநாசத்து அகத்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: செலவின் கெழு (அந்தத் தேர்வை அது எவ்வளவு பாதிக்கிறது என்று காட்டும் எண்) ரூபாய்க்கு -0.004 என்றும், நல்ல நீர்வரத்தின் கெழு 0.8 என்றும் வந்தால், 0.8-ஐ 0.004-ஆல் வகுக்கக் கிடைக்கும் 200 ரூபாயே ஒரு பயணத்தில் அந்த நீர்வரத்தின் மதிப்பு.

பொங்குமாங்கடல் என்றும் மாறுவதில்லை. ஆகையால் குளிப்பவர்களின் நடத்தையிலிருந்து அதன் மதிப்பைப் பிரித்தெடுக்க முடியாது. அதை உங்கள் ஆய்வேட்டில் அப்படியே எழுதிவிடுங்கள். வலிந்து ஓர் எண்ணைப் போட வேண்டாம்.

களப்பணியாளர்

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். களத்தில் நான் செய்த பிழை உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே அருவிக்கரையில் கேள்வித்தாள்களை நெகிழிப் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, ஈரத்துணியோடு நடுங்கியபடி வெளியே வருபவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். நான் சென்றவை எல்லாம் நீர் நன்றாக விழுந்த ஞாயிற்றுக்கிழமைகள். நீர் குறைந்த நாள் ஒன்றுகூட என் தரவில் இல்லாததால், நீர்வரத்தைப் பற்றி என்னால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. மூன்று மாத உழைப்பு வீணாயிற்று.

நீர்வரத்தை நேர்கோடாகவும் கொள்ளாதீர்கள். பேரருவியின் முன் உள்ள பாதுகாப்பு வளைவைத் தாண்டி நீர் கொட்டத் தொடங்கினால் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். மதிப்பு ஏறிக்கொண்டே போய், அந்த இடத்தில் சட்டென்று விழுகிறது. நீரும் சாரலும் குளிர்காற்றும் கூட்டமும் சேர்ந்தே வருகின்றன என்பது இன்னொரு தொல்லை. வார நாளில் நல்ல நீர் விழும்போதும் கணக்கெடுத்தால்தான், நீரின் பயனையும் கூட்டத்தின் இடைஞ்சலையும் ஓரளவுக்குப் பிரிக்கலாம்.

கோயிலுக்கும் போய் அருவிக்கும் வருபவருடைய முழுச் செலவையும் அருவியின் கணக்கில் எழுதக் கூடாது. பயண நேரத்துக்குக் கூலியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது வழக்கம். வேறு விகிதங்களிலும் போட்டுக் காட்டுங்கள். ஒரே சீசனில் ஆறு முறை வருபவர் உங்கள் கண்ணில் பட ஆறு மடங்கு வாய்ப்பு உண்டு என்பதையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

சிற்றாற்றங்கரை விவசாயி

நான் பொருளியல் படித்தவன் அல்லன். ஆனால் இந்தக் கணக்கில் எங்களைப் போன்றவர்கள் குறைந்துபோகிறோம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்து குளிப்பவருக்குப் பயணச் செலவு ஏறக்குறைய இல்லை. அவருக்கு அருவி கொடுக்கும் பயன், காரில் வருபவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவா? அருவியில் விழும் அதே நீர்தான் சிற்றாறாக ஓடிக் குளங்களை நிரப்பி, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேருகிறது. மேலே உள்ள காடு மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதால்தான் மழை விட்ட பிறகும் சில நாள்களுக்கு அருவி விழுகிறது. குளிக்க வருபவர்களிடம் மட்டும் கேட்டு, இதுதான் காட்டின் மதிப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பொருளியல் ஆசிரியர்

ஐயா சொல்வது முற்றிலும் சரி. அருகில் இருப்பவரிடம் விலை குறைவாக இருக்கிறது. அதனாலேயே அவருக்கு உபரி கூடுதலாக வரும், கணக்கு முறையாகப் போடப்பட்டால். ஆனால் பாசனமும் காடும் இந்த முறைக்கு வெளியே நிற்பவை. மாணவி தம் தலைப்பிலேயே 'பொழுதுபோக்குப் பயன் மட்டும்' என்று வரையறுத்துவிடுவது நல்லது. காட்டையும் ஓரளவு உள்ளே கொண்டுவர விரும்பினால், காடு குறையும்போது நீர் விழும் நாள்கள் எத்தனை குறையும் என்பதை நீரியல் படித்தவர்களிடமிருந்து பெற்று, ஒரு நாளின் மதிப்பால் பெருக்கலாம்.

தென்காசி மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜூன் முதல் வாரத்தில் தொடங்கி ஆகஸ்ட் முடியும் வரை, வாரத்தில் இரண்டு வேலை நாள்களும் ஒரு ஞாயிறும் அருவிக்கரையில் இருப்பதாகத் திட்டமிட்டிருக்கிறேன். ஒவ்வொரு மணிக்கும் நீர் வளைவுக்குள் விழுகிறதா, தாண்டுகிறதா, பாறை தெரிகிறதா என்று குறித்துக்கொள்வேன். ஆண்டின் பெரும்பகுதி நீர் இருக்கும் அகத்தியர் அருவியிலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். பாபநாசம் பக்கம் உள்ளவர்கள் யாரேனும் அங்கே எனக்குத் துணையாக வர இயலுமா?